இணைப்பு உயிரோடு இருக்கிறதா? – ஒரு கணிப்பொறிக் கருவியைப் பற்றிய விமரிசனம்

கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றை நாம் விமரிசனம் செய்கிறோம். ஒரு பாடநூல் தெளிவாக எழுதப்பட்டுள்ளதா, ஒரு பாலம் நன்கு திட்டமிடப்பட்டதா என்றும் ஆராய்கிறோம். ஆனால் கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோர் நாள்தோறும் கையாளும் கருவிகளை இவ்வாறு எடைபோட்டுப் பார்க்கும் வழக்கம் தமிழில் குறைவு. அக்குறையைச் சிறிதளவேனும் போக்கும் எண்ணத்துடன், ஒரு கருவியை இங்கு விமரிசனத்துக்கு எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் ஓப்பன்எஸ்எஸ்எல்.

வலையமைப்பு வழியே செல்லும் செய்திகளைப் பிறர் படிக்கவோ திருத்தவோ முடியாதபடி காத்து அனுப்ப உதவும் நிரல் நூலகம் இது. எரிக் யங், டிம் ஹட்சன் என்னும் இருவர் 1990களில் உருவாக்கிய எஸ்எஸ்எல்ஈ என்னும் நூலகத்தின் வழிவந்தது. 1998 டிசம்பரில் இப்போதைய பெயரைப் பெற்றது. உலகின் எண்ணற்ற வழங்கிகள் இதனை நம்பி இயங்குகின்றன.

இதன் கணித வலிமையை நாம் இங்கு ஆராயப்போவதில்லை. 'எதிர்முனையுடன் எனக்குள்ள இணைப்பு இப்போது உயிரோடு இருக்கிறதா?' என்று ஒரு நிரல் கேட்டால் இக்கருவி என்ன விடை தருகிறது, அவ்விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே நம் வினா.

இது சிறிய வினா என்று எண்ணிவிடாதீர்கள். 'இந்தக் கணக்கிலிருந்து அந்தக் கணக்குக்கு 5,000 ரூபாய் மாற்றுக' என்ற கட்டளையை ஒரு நிரல் வங்கியின் கணிப்பொறிக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே இணைப்பு அறுந்துவிடுகிறது. கட்டளை போய்ச் சேர்ந்ததா? மீண்டும் அனுப்பலாமா? தவறாக முடிவு செய்தால் பணம் இருமுறை போகும். அல்லது ஒருமுறையும் போகாது. இணைப்பின் நிலையைத் தவறாகப் புரிந்துகொள்வதன் விலை இதுதான்.

கம்பியின் இயல்பு

கருவியைக் குறைகூறும் முன்பு அது எதன் மேல் நிற்கிறது என்பதைப் பார்ப்போம். இணையத்தில் இரு கணிப்பொறிகள் நம்பகமாகப் பேசிக்கொள்ள டி.சி.பி. என்னும் நெறிமுறை பயன்படுகிறது. 1981 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 793 என்ற ஆவணம் இதனை வரையறுத்தது. 2022 ஆகஸ்டில் ஆர்.எஃப்.சி. 9293 அதன் இடத்தைப் பிடித்தது.

டி.சி.பி. இணைப்பு என்றவுடன் இரு ஊர்களுக்கிடையே இழுத்துக் கட்டிய கயிறு போன்ற ஒன்று நம் மனத்தில் தோன்றும். உண்மையில் அப்படி ஒரு கயிறு இல்லை. 'நான் அவருடன் பேசிக்கொண்டிருக்கிறேன்' என்று இரு கணிப்பொறிகளும் தத்தம் நினைவகத்தில் எழுதிவைத்துள்ள குறிப்பே இணைப்பு. இருவரும் பேசாமலிருக்கும்போது இடையில் எந்தச் சைகையும் செல்வதில்லை. அந்த நேரத்தில் நடுவே உள்ள கம்பியை ஒருவர் வெட்டிவிட்டால், இரண்டு முனைகளும் தாம் இணைந்திருப்பதாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

'இருக்கிறீரா?' என்று அவ்வப்போது கேட்கும் வசதி டி.சி.பி.யில் உண்டு. ஆனால் இவ்வசதியை நிரலர் தாமே வேண்டிப் பெறவேண்டும். அப்படிப் பெற்றாலும் அதன் இயல்பான இடைவெளி இரண்டு மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்று 1989இல் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1122 கூறுகிறது. நாம் எதையாவது அனுப்பி, அதற்கு ஒப்புகை வராவிட்டால்? லினக்ஸ் இயக்க அமைப்பு இயல்பாக 15 முறை மறுபடி அனுப்பிப் பார்க்கும். அது கைவிடுவதற்குக் குறைந்தது 924.6 வினாடிகள், அதாவது கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும்.

சூரியனை நோக்கும்போது நாம் காண்பது எட்டு நிமிடங்களுக்கு முந்திய சூரியனையே என்று படித்திருக்கிறீர்கள். இணைப்பின் நிலையும் அத்தகையதே. 'எதிர்முனை உயிரோடு இருக்கிறது' என்று எந்த நிரல் கூறினாலும், 'கடைசியாக நான் கேட்டபோது இருந்தது' என்பதே அதன் உண்மைப் பொருள். இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

காத்து நிற்காத முறை

ஒரு வழங்கிக் கணிப்பொறி ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோருடன் பேசவேண்டியிருக்கிறது. உணவு விடுதியில் பரிமாறுபவர் ஒரு மேசையருகே நின்று, அங்கு அமர்ந்திருப்பவர் சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்தால் மற்ற மேசைகள் பட்டினிதான். ஆகவே அவர் ஒவ்வொரு மேசையாகப் பார்த்துக்கொண்டே போகிறார். நிரல்களிலும் இதே முறை உண்டு. 'படிக்க ஏதேனும் வந்துள்ளதா?' என்று கேட்டு, இல்லையென்றால் காத்து நிற்காமல் அடுத்த இணைப்புக்குச் செல்லலாம். எந்த மேசை கைகாட்டுகிறது என்று மொத்தமாகப் பார்த்துச் சொல்லச் செலக்ட், போல், ஈபோல் போன்ற வசதிகள் இயக்க அமைப்புகளில் உள்ளன. செலக்ட் 1983இல் 4.2பி.எஸ்.டி. யூனிக்ஸில் சாக்கெட்டுகளோடு பரவியது.

மறைக்குறியீடு இல்லாத சாக்கெட்டில் படித்தால் மூன்று வகை விடைகள் வரும். நேர் எண் வந்தால் அத்தனை பைட்டுகள் கிடைத்தன. சுழி வந்தால் எதிர்முனை முறைப்படி முடித்துக்கொண்டது. மைனஸ் ஒன்று வந்தால் பிழை. அப்பிழை 'இப்போது இல்லை, பிறகு வா' என்ற வகையைச் சேர்ந்ததாயின் இணைப்பு நலமாக உள்ளது என்று கொள்ளலாம். மாணவர் ஒருவர் ஒரே மாலையில் கற்றுக்கொள்ளக்கூடிய எளிமை இதில் உண்டு.

இதன் மேல் மறைக்குறியீட்டு அடுக்கு ஒன்றை ஏற்றியதும் இந்த எளிமை குலைகிறது. குலைவதில் ஒரு பகுதி தவிர்க்க முடியாதது. மற்றொரு பகுதி கருவியின் குறை. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவதே விமரிசகனின் கடமை.

முதற் குறை: விடை மூன்று இடங்களில்

ஓப்பன்எஸ்எஸ்எல்லில் படிப்பதற்கு 'எஸ்எஸ்எல் ரீட்', எழுதுவதற்கு 'எஸ்எஸ்எல் ரைட்' என்ற செயற்கூறுகள் உள்ளன. படிப்பு வெற்றி பெற்றால் நேர் எண் கிடைக்கும். இல்லையென்றால் சுழியோ எதிர் எண்ணோ கிடைக்கும். ஆனால் அந்த எண்ணை மட்டும் பார்த்து என்ன நேர்ந்தது என்று அறிய முடியாது. 'எஸ்எஸ்எல் கெட் எரர்' என்ற மற்றொரு செயற்கூற்றை அழைத்துக் கேட்கவேண்டும். அது தரும் விடைகளில் முக்கியமானவை ஐந்து: படிக்கக் காத்திருக்கிறேன், எழுதக் காத்திருக்கிறேன், எதிர்முனை முறைப்படி விடைபெற்றது, இயக்க அமைப்பில் பிழை, நெறிமுறையில் பிழை.

வகைப்பாடு நல்லதே. ஆனால் இந்தச் செயற்கூறு தன் விடையை எங்கிருந்து பெறுகிறது? நாம் கொடுக்கும் எண்ணை மட்டும் பார்ப்பதில்லை. அந்த இழைக்கென வைத்துள்ள பிழை வரிசை ஒன்றையும் புரட்டிப் பார்க்கிறது. இயக்க அமைப்பில் பிழை என்று சொன்னால், விவரத்தை அறிய 'எர்நோ' என்ற மூன்றாவது இடத்துக்கு நாமே செல்லவேண்டும். நெடுங்காலம் வழக்கிலிருந்த 1.1.1, 3.0 பதிப்புகளின் கையேடு ஓர் எச்சரிக்கையும் தருகிறது: படிக்கவோ எழுதவோ தொடங்கும் முன் பிழை வரிசை காலியாக இருக்கவேண்டும், இல்லையேல் விடையை நம்பமுடியாது.

இதன் பொருளைச் சிந்தித்துப் பாருங்கள். ஒரே இழையில் நூறு இணைப்புகளைக் கவனிக்கும் நிரலில், ஏழாம் இணைப்பில் நேர்ந்த பிழை வரிசையில் துடைக்கப்படாமல் கிடந்தால், எட்டாம் இணைப்பு நலமாக இருந்தும் இறந்துவிட்டதாக அறிவிக்கப்படலாம். ஒரு நோயாளியின் சோதனைச் சீட்டை அடுத்த நோயாளியின் கட்டிலில் மாட்டியது போன்ற நிலை இது. காத்து நிற்காத முறையின் நோக்கமே ஒரே இழையில் பல இணைப்புகளைக் கவனிப்பதுதான். அந்த இடத்திலேயே இந்த ஏற்பாடு கால் இடறுகிறது. இந்தக் குறைக்கு மறைக்குறியீட்டின் இயல்பு காரணமன்று, வடிவமைப்பே காரணம்.

'படிக்கக் காத்திருக்கிறேன்', 'எழுதக் காத்திருக்கிறேன்' என்ற விடைகள் மாணவரை இன்னொரு வகையில் திகைக்க வைக்கும். நாம் படிக்கச் சொன்னோம். அது எழுதக் காத்திருப்பதாகச் சொல்கிறது! இதற்குத் தக்க காரணம் உண்டு. டி.எல்.எஸ். 1.2 வரையிலான நெறிமுறைகளில் பேச்சின் நடுவே இரு முனைகளும் புதிதாகக் கைகுலுக்கிக்கொள்ளலாம். அப்போது நாம் படிக்க முயன்றாலும், உள்ளே நூலகம் தன் பங்கு கைகுலுக்கலை எழுதியாகவேண்டும். 2018 ஆகஸ்டில் வந்த டி.எல்.எஸ். 1.3 இந்த மறு கைகுலுக்கலை நீக்கிவிட்டது. ஆனால் பழைய நெறிமுறையில் பேசுவோர் இன்றும் உளர். முதற் கைகுலுக்கலிலும் இரு திசைப் போக்குவரத்து உண்டு.

இங்கு நூலகம் உண்மையையே சொல்கிறது. ஆகவே இதனைக் குறையாகக் கொள்ளலாகாது. நிரலர்தாம் கவனிக்கவேண்டும். 'படிக்கக் காத்திருக்கிறேன்' என்று விடை வந்த பிறகும் 'எழுத முடியுமா?' என்று செலக்டைக் கேட்டால், சாக்கெட் பெரும்பாலும் எழுதத் தயாராகவே இருப்பதால் உடனே 'ஆம்' என்று வரும். நிரல் மீண்டும் முயலும், மீண்டும் தோற்கும். செக்குமாடு போல ஒரே வட்டத்தில் சுற்றிக் கணிப்பொறியின் நேரம் முழுவதையும் தின்றுவிடும்.

இரண்டாம் குறை: ஏமாற்றும் பெயர்கள்

நூலகத்தில் நிலையைச் சொல்வதாகத் தோன்றும் செயற்கூறுகள் பல உண்டு. கைகுலுக்கல் முடிந்ததா என்று ஒன்று சொல்லும். இப்போதைய நிலையைச் சொற்றொடராகவே மற்றொன்று தரும். கைகுலுக்கல் முடிந்த பின் அது தரும் சொற்றொடரின் பொருள் 'பேச்சுவார்த்தை வெற்றிகரமாக முடிந்தது' என்பது. எதிர்முனைக் கணிப்பொறியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துக் கேளுங்கள். அப்போதும் 'வெற்றிகரமாக முடிந்தது' என்றே அது சொல்லும். பொய் சொல்லவில்லை, பேச்சுவார்த்தை உண்மையிலேயே வெற்றிகரமாகத்தான் முடிந்தது. ஆனால் 'இணைப்பின் நிலை' என்று படித்துவிட்டு வரும் புதியவர் இதனை வேறு விதமாகத்தானே புரிந்துகொள்வார்?

'எஸ்எஸ்எல் கெட் ஷட்டவுன்' என்பதும் அத்தகையதே. எதிர்முனை விடைபெற்றதா என்பதை அது ஒரு கொடி கொண்டு காட்டும். ஆனால் அக்கொடி, விடைபெறும் செய்தியை நூலகம் தானே படித்த பிறகுதான் உயரும். செய்தி வந்து இயக்க அமைப்பின் சேமிப்பிடத்தில் கிடந்தாலும், நாம் படிக்க முயலாதவரை கொடி தாழ்ந்தே இருக்கும்.

இதனை உணர்ந்த சிலர் குறுக்குவழி ஒன்றைக் கையாளுகின்றனர். நூலகத்தைத் தாண்டி, கீழேயுள்ள சாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று எடுக்காமல் எட்டிப் பார்க்கின்றனர். ஒன்றும் இல்லையெனில் நலம், ஏதோ இருக்கிறதெனில் செய்தி என்பது அவர்கள் கணக்கு. மறைக்குறியீடு இல்லாத காலத்தில் இது ஓரளவு சரி. இப்போதோ அங்குக் கிடப்பது முத்திரையிட்ட உறை. உள்ளே நமக்கான செய்தி இருக்கலாம். விடைபெறும் குறிப்பு இருக்கலாம். நூலகத்துக்கு மட்டுமே உரிய வேறு தகவலும் இருக்கலாம். டி.எல்.எஸ். 1.2இல் உறையின் மேலேயே அதன் வகை எழுதியிருக்கும்: 21 என்றால் எச்சரிக்கை, 23 என்றால் செய்தி. டி.எல்.எஸ். 1.3இல் மறைக்குறியிட்ட உறைகள் அனைத்தின் மேலும் 23 என்றே எழுதியிருக்கும். உண்மையான வகை உள்ளே மறைக்கப்பட்டுள்ளது. எட்டிப் பார்ப்பவருக்கு எதுவும் விளங்காது.

அதுமட்டுமன்று. டி.எல்.எஸ். 1.3இல் கைகுலுக்கல் முடிந்தவுடன் ஓப்பன்எஸ்எஸ்எல் வழங்கி இயல்பாக இரண்டு 'சீட்டு'களை அனுப்பும். அடுத்த முறை விரைவாகக் கைகுலுக்க உதவும் சீட்டுகள் அவை. ஆகவே, யாரும் எதுவும் பேசாமலே சாக்கெட்டில் 'படிக்க ஏதோ வந்துள்ளது' என்ற அறிகுறி தோன்றும். அதனை நம்பி, காத்து நிற்கும் முறையில் படிக்கச் சென்ற நிரல் அங்கேயே நின்றுவிடும்.

கைகுலுக்கல் முடிந்தது என்ற விடைக்கும் 1.3இல் பொருள் குறைந்துவிட்டது. வாடிக்கை முனை தன் சான்றிதழையும் முடிவுச் செய்தியையும் அனுப்பிய கணமே கைகுலுக்கல் வெற்றி என்று அதன் நூலகம் அறிவிக்கிறது. வழங்கி அச்சான்றிதழை ஏற்குமா மறுக்குமா என்பது அடுத்த படிப்பின்போதே தெரியவரும். வெற்றி என்று அறிவித்த பின்னரும் கதவு மூடப்படலாம்!

மூன்றாம் சிக்கல்: மேசை மேல் மறந்த கடிதம்

டி.எல்.எஸ். செய்திகளைக் கட்டுகளாக அனுப்புகிறது. ஒரு கட்டில் அதிகபட்சம் 16,384 பைட்டுகள் இருக்கலாம். கட்டு முழுவதும் வந்து, அதன் முத்திரை சரியா என்று பார்த்த பின்பே உள்ளிருப்பதைத் தரமுடியும். உங்கள் நிரல் 1,000 பைட்டுகள் வேண்டும் என்று கேட்டால், நூலகம் முழுக் கட்டையும் சாக்கெட்டிலிருந்து எடுத்துப் பிரித்து, 1,000 பைட்டுகளை உங்களிடம் தந்துவிட்டு, மீதி 15,384 பைட்டுகளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

இப்போது நிரல் செலக்டிடம் போய், 'ஏதேனும் வந்துள்ளதா?' என்று கேட்கிறது. செலக்ட் சாக்கெட்டைப் பார்க்கிறது, அது காலி. 'இல்லை' என்கிறது. நிரல் காத்திருக்கிறது. எதிர்முனையோ தான் அனுப்பிய முழுக் கோரிக்கைக்கும் பதிலை எதிர்நோக்கிக் காத்திருக்கிறது. இருவரும் காத்திருக்கின்றனர், முடிவே இல்லை. தபால்காரர் கொடுத்த கட்டிலிருந்து ஒரே கடிதத்தை உருவி எடுத்துக்கொண்டு, மற்றவற்றை மேசை மேல் போட்டுவிட்டு, வாசலில் போய்த் தபால்காரருக்காக உட்கார்ந்திருப்பவரின் நிலைதான்.

இதற்கு மருந்தாக 'எஸ்எஸ்எல் பெண்டிங்' என்ற செயற்கூறு உள்ளது. பிரித்துவைத்த பைட்டுகள் எத்தனை மீதியுள்ளன என்று அது சொல்லும். எனினும் வந்து சேர்ந்தும் இன்னும் பிரிக்கப்படாத கட்டை அது கணக்கில் கொள்வதில்லை. ஆகவே 2016இல் வந்த 1.1.0 பதிப்பில் 'எஸ்எஸ்எல் ஹாஸ் பெண்டிங்' என்ற மற்றொன்றைச் சேர்த்தனர். அது பிரிக்காததையும் சேர்த்துச் சொல்லும். ஆனால் பிரிக்காத கட்டு அரைகுறையாக வந்திருந்தால், 'ஆம்' என்ற விடையை நம்பிப் படிக்கச் சென்றும் கையில் ஒன்றும் கிடைக்காது. கட்டாகப் பிரிப்பது மறைக்குறியீட்டின் தேவை. அதைக் குறைசொல்ல முடியாது. ஏறத்தாழ ஒரே பெயருடைய இரு செயற்கூறுகளை வைத்து, இரண்டுக்கும் வெவ்வேறு பொருள் கொடுத்ததே குறை.

நான்காம் சிக்கல்: விடைபெற்றாரா, வெட்டப்பட்டாரா?

இணைப்பு முடிவதில் இரண்டு வகை உண்டு. எதிர்முனை தானே முடித்துக்கொள்வது ஒன்று. இடையில் ஒருவர் வெட்டிவிடுவது மற்றொன்று. டி.சி.பி.யின் முடிவுச் சைகையில் முத்திரை எதுவும் இல்லை. இடையிலிருக்கும் எவரும் அதனைப் போலியாக அனுப்ப முடியும். 1995இல் வெளிவந்த எஸ்.எஸ்.எல். 2.0 அந்தச் சைகையையே நம்பியது.

இதன் தீமை என்ன? 'இவருக்குப் பணம் கொடுக்கலாம்' என்பது ஒரு கட்டாகவும், 'ஆனால் நூறு ரூபாய்க்கு மேல் வேண்டாம்' என்பது அடுத்த கட்டாகவும் செல்வதாகக் கொள்ளுங்கள். ஒரு கட்டின் நடுவே வெட்டினால் முத்திரை சரியாக அமையாது, குட்டு வெளிப்பட்டுவிடும். இரண்டு கட்டுகளுக்கு இடையே வெட்டினாலோ, முதற் கட்டு பழுதின்றி வந்து சேரும். செய்தி அத்துடன் முடிந்தது என்று பெறுபவர் எண்ணிவிடுவார். ஒரு சொல்லைக்கூடப் படிக்காமல், ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், செய்தியின் பொருளைத் தலைகீழாக்கிவிடலாம்!

இதனைத் தடுக்க 1996இல் வந்த எஸ்.எஸ்.எல். 3.0, முத்திரையிட்ட விடைபெறும் குறிப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. அக்குறிப்பு வந்த பிறகு இணைப்பு முடிந்தால் அது முறையான முடிவு. வராமலே முடிந்தால் ஐயத்துக்குரிய முடிவு. எல்லாப் பிழை விடைகளிலும் மிக முக்கியமான வேறுபாடு இதுதான்.

ஓப்பன்எஸ்எஸ்எல் இதனை எவ்வாறு கையாண்டது? நீண்ட காலம், ஐயத்துக்குரிய முடிவை 'இயக்க அமைப்பில் பிழை' என்று அறிவித்தது. விவரம் அறிய எர்நோவைப் பார்த்தால் அங்குச் சுழி இருக்கும். அதாவது பிழை ஒன்றுமில்லை! 'பிழை நேர்ந்தது, நேர்ந்த பிழை: எதுவுமில்லை' என்ற இந்த விடையைக் கண்டு குழம்பாத நிரலர் இருக்க முடியாது. 2020 மார்ச் 17ஆம் நாள் வந்த 1.1.1இ பதிப்பில் இதனைத் திருத்தி, நெறிமுறைப் பிழை என்றே அறிவித்தனர். பல நிரல்கள் செயலிழந்தன. அதே மாதம் 31ஆம் நாள் 1.1.1எஃப் பதிப்பில் பழையபடி மாற்றிவிட்டனர். பிறகு 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பில் திருத்தம் நிலைபெற்றது. வேண்டாதவர் இதனைப் புறக்கணிக்க ஒரு தனி விருப்பமும் தரப்பட்டது.

இரண்டே வாரங்களில் முன்னும் பின்னும் சென்ற இந்நிகழ்ச்சி ஒரு பாடத்தை உணர்த்துகிறது. உலகில் ஏராளமான நிரல்கள் விடைபெறும் குறிப்பை அனுப்பாமலே இணைப்பை முடித்துக்கொண்டிருந்தன. ஏராளமான நிரல்கள் அதனைக் கண்டும் காணாமல் இருந்தன. தெளிவற்ற விடை தரும் கருவி, தெளிவற்ற பழக்கத்தை வளர்த்துவிடுகிறது. பிறகு கருவியைத் திருத்தப் புகுந்தால் பழக்கம் எதிர்த்து நிற்கிறது.

நாடித் துடிப்பின் கதை

'இருக்கிறீரா?' என்று மறைக்குறியீட்டு அடுக்கே நேராகக் கேட்டுவிட்டால் என்ன? அதனையும் செய்து பார்த்தார்கள். 2012 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 6520 'இதயத் துடிப்பு' என்னும் நீட்சியை வரையறுத்தது. ஒரு முனை சிறு செய்தி ஒன்றை அதன் நீளத்துடன் அனுப்பும்; மறுமுனை அதனை அப்படியே திருப்பி அனுப்பவேண்டும். திரும்பி வந்தால் இணைப்பு உயிரோடு உள்ளது. 2012 மார்ச்சில் வெளிவந்த ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 இதனைச் சேர்த்துக்கொண்டது.

அதில் ஒரு சோதனை விடுபட்டிருந்தது. சொல்லப்பட்ட நீளமும் உண்மையில் வந்த நீளமும் ஒன்றா என்று பார்க்கவில்லை. ஓர் எழுத்தை அனுப்பிவிட்டு, 'இது 64,000 பைட்டு நீளமுள்ளது, திருப்பித் தருக' என்று கேட்டால், நூலகம் தன் நினைவகத்தில் அடுத்திருந்தவற்றையும் வாரிக் கொடுத்தது. கடவுச்சொற்களும் மறைச் சாவிகளும்கூட அதில் இருக்கக்கூடும். 2014 ஏப்ரல் 7ஆம் நாள் வெளியான இப்பிழைக்கு 'ஹார்ட்பிளீட்' என்று பெயர். அன்றே 1.0.1ஜி பதிப்பில் திருத்தம் வந்தது. 2018இல் வந்த 1.1.1 பதிப்பில் இதயத் துடிப்பு வசதியே அகற்றப்பட்டது.

இணைப்பு உயிரோடு உள்ளதா என்று அறியும் ஆசை எவ்வளவு விலை கேட்டது, பாருங்கள்! அந்த விலைக்கு முழுப் பொறுப்பையும் நிரலர்மீது சுமத்துவது நேர்மையாகாது. உலக வணிகத்தையே தாங்கி நின்ற இந்நூலகத்துக்கு அக்காலத்தில் ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர். முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. அந்த நிலையில் இத்தனை ஆண்டுகள் இதனை நிலைநிறுத்திய உழைப்பைப் போற்றாமல் குறைகளை மட்டும் பட்டியலிடுவது விமரிசனமாகாது. நாம் கண்ட பல குறைகளை அவர்களே பின்னர் உணர்ந்து திருத்தியும் உள்ளனர்.

பிறர் செய்தது என்ன?

ஹார்ட்பிளீட் நிகழ்ச்சிக்குப் பின் ஓப்பன்பி.எஸ்.டி. குழுவினர் இந்நூலகத்திலிருந்து பிரிந்து லிப்ரெஎஸ்எஸ்எல் என்பதைத் தொடங்கினர். அதனுடன் 'லிப்டி.எல்.எஸ்.' என்னும் எளிய இடைமுகத்தையும் அமைத்தனர். அதில் 'படிக்கக் காத்திரு', 'எழுதக் காத்திரு' என்ற விடைகள் செயற்கூறு திருப்பி அனுப்பும் எண்ணிலேயே வந்துவிடும். வேறு இடங்களில் தேடவேண்டியதில்லை. முதற் குறைக்கு இது நல்ல தீர்வு. ஆயினும் கைகுலுக்கல் முடிந்த பின் நேரும் இரண்டு வகை முடிவுகளுக்கும் படிக்கும்போது சுழியையே தருகிறது. விடைபெறும் குறிப்பு வரவில்லை என்பதை இணைப்பை மூடும்போதுதான் தெரிவிக்கிறது. எளிமையைத் தேடிச் சென்றதில் முக்கியமான வேறுபாடு பின்னுக்குப் போய்விட்டது.

ரஸ்ட் மொழியில் எழுதப்பட்ட 'ரஸ்ட்டி.எல்.எஸ்.' வேறு வழியில் செல்கிறது. சாக்கெட்டிலிருந்து உறைகளை எடுப்பது ஒரு வேலை, உறைகளைப் பிரிப்பது இரண்டாம் வேலை, பிரித்ததை நிரலுக்குத் தருவது மூன்றாம் வேலை என்று தனித்தனியே வைத்துள்ளது. 'இப்போது ஒன்றுமில்லை', 'முறைப்படி முடிந்தது', 'எதிர்பாராமல் முடிந்தது' ஆகிய மூன்றுக்கும் மூன்று தனி விடைகள் தருகிறது. நல்ல இடைமுகம் என்பது எல்லாவற்றையும் மூடி மறைப்பதன்று. வேறுபட்டவற்றை வேறுபட்டவையாகவே காட்டுவது என்பதற்கு இது சான்று.

நீங்கள் செய்யவேண்டியது

நிரல் எழுதும் மாணவர்கள் மனத்தில் கொள்ளவேண்டியவற்றைச் சுருக்கிக் கூறுவோம். ஒவ்வொரு படிப்புக்கும் எழுத்துக்கும் முன்பு பிழை வரிசையைத் துடையுங்கள். தோல்வி கண்டவுடன், வேறெந்தச் செயற்கூற்றையும் அழைக்கும் முன், காரணத்தைக் கேளுங்கள். நூலகம் எந்தத் திசையில் காத்திருப்பதாகச் சொல்கிறதோ அந்தத் திசையிலேயே காத்திருங்கள். செலக்டிடம் திரும்பும் முன்பு, 'இனி ஒன்றுமில்லை' என்று நூலகம் சொல்லும்வரை படித்துத் தீருங்கள். முறையான முடிவையும் ஐயத்துக்குரிய முடிவையும் ஒருபோதும் ஒன்றாகக் கருதாதீர்கள். ஒவ்வொரு காத்திருப்புக்கும் ஒரு கால எல்லை வையுங்கள்.

இவை அனைத்தையும் செய்தாலும், தொடக்கத்தில் கேட்ட வங்கி வினாவுக்கு விடை கிடைக்காது. 'எஸ்எஸ்எல் ரைட்' வெற்றி என்றால், கட்டளையை இயக்க அமைப்பிடம் ஒப்படைத்தாயிற்று என்று மட்டுமே பொருள். அது எதிர்முனையை அடைந்தது என்றோ, வங்கி அதனை நிறைவேற்றியது என்றோ பொருளில்லை. அறுந்துபோகக்கூடிய வழியில் தூது அனுப்பும் இரு தளபதிகள், ஒரே நேரத்தில் தாக்குவோம் என்ற உறுதியை எத்தனை தூதர்களை அனுப்பினாலும் முழுமையாகப் பெறமுடியாது என்ற புதிர் கணிப்பொறி அறிவியலில் 1970களிலிருந்தே அறிமுகமானது. கடைசியாகச் சென்ற தூதர் போய்ச் சேர்ந்தாரா என்ற ஐயம் எப்போதும் எஞ்சி நிற்கும். எந்த நூலகமும் இதனை வெல்ல முடியாது.

வழி ஒன்றுண்டு. ஒவ்வொரு கட்டளைக்கும் தனி எண் இடுங்கள். வங்கி அவ்வெண்ணைக் குறித்துவைத்து, அதே எண் மீண்டும் வந்தால் பணத்தை மறுபடி மாற்றாமல் பழைய விடையையே திருப்பிச் சொல்லட்டும். அப்போது இணைப்பு அறுந்தால் அஞ்சவேண்டியதில்லை. புதிய இணைப்பில் அதே எண்ணுடன் மீண்டும் கேட்கலாம். உறுதி என்பது இணைப்பிலிருந்து வருவதன்று, எதிர்முனையில் வேலையைச் செய்து முடித்தவரின் பதிலிலிருந்து வருவது.

ஆகவே நம் தீர்ப்பு இது: வேறுபட்ட நிகழ்ச்சிகளைப் பிரித்தறிய வேண்டிய அடிப்படைகள் ஓப்பன்எஸ்எஸ்எல்லில் உள்ளன. அவற்றை மூன்று இடங்களில் சிதறவிட்டதும், நிலையைச் சொல்வதாகத் தோன்றும் பெயர்களை வைத்ததும், விடைபெறுதலுக்கும் வெட்டுண்டதற்கும் உள்ள வேறுபாட்டை 2021 வரை மங்கலாக வைத்திருந்ததும் குறைகள். இணைப்பு உயிரோடு உள்ளதா என்பதை முன்கூட்டியே சொல்ல முடியாதது அதன் குறையன்று. அது இயற்கையின் வரம்பு. கருவியின் குறையையும் இயற்கையின் வரம்பையும் பிரித்து அறியும் நிரலரே, பிறர் பணத்தையும் செய்தியையும் நம்பி ஒப்படைக்கத் தக்க நிரலை எழுத வல்லவர்.